மாதம் ஆறு நாள் குரல்

ஆறைப் பன்னிரண்டால் பெருக்கினால் எழுபத்திரண்டு. இந்தக் கணக்கு கோயம்புத்தூரில் மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். ஆனால் இதே எழுபத்திரண்டை வைத்துக்கொண்டு, தலை நரைக்கிற வரைக்கும் ஒரு ஆளைத் ‘தற்காலிக’மாகவே வைத்திருக்க முடியும் என்று கண்டுபிடித்த மூளை ஒன்று டெல்லியில் இருந்திருக்கிறது. அந்த மூளைக்கு அவிநாசி ரோட்டில் ஒரு சிலை வைக்கலாம். புது மேம்பாலத்துக்கு அடியில் இடம் நிறையக் கிடக்கிறது.

விடியுமுன் ரேடியோவைத் திருகுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஆகாசவாணியின் தொடக்க இசை தெரியும். தம்புராவின் மேல் வயலின் எழும்பிவருகிற அந்த மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு 1934-ல் பம்பாய்க்கு வந்த யூதர். அங்கே வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்கு இயக்குநராக வேலை பார்த்தார். ஊரும் நாடும் இல்லாமல் வந்தவருக்கு ஒரு நாற்காலியும் வேலையும் கொடுத்த நிறுவனம் அது. வெள்ளைக்காரன் காலம் வேறு.

அந்த மெட்டு ஓய்ந்ததும் ஒரு குரல் வணக்கம் சொல்கிறதே, அந்தக் குரலைப் பற்றித்தான் பேச்சு. திருச்சி ரோட்டில் ராமநாதபுரத்தில் இருக்கிற கோவை நிலையம் 1966 முதல் பேசிக்கொண்டிருக்கிறது. வானிலை, சந்தை நிலவரம், உழவர் நிகழ்ச்சி, பழைய பாட்டு என்று கொங்கு நாட்டின் காதுக்குள் அறுபது வருஷமாக அது குடியிருக்கிறது. தறிக்குடோனில் ரேடியோ ஓடும், தோட்டத்துச் சாளையில் ஓடும். அறிவிப்பாளரின் குரலை வைத்தே ‘இன்னைக்கு அந்தம்மாவா’ என்று அடையாளம் சொல்கிற கிழவிகள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தம்மா மறுநாளும் வருவாரா என்று கிழவிக்குத் தெரியாது, அந்தம்மாவுக்கும் தெரியாது. இந்த மாதத்து ஆறு முடிந்துவிட்டதென்றால் அடுத்த மாதம்தான்.

நாடு முழுக்க ஆகாசவாணியின் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு மாதம் ஆறு டியூட்டி என்பதே நெடுநாள் வரம்பு. ஏன் ஆறு? ஏழு என்றால் தொண்டை கட்டிவிடுமா? காரணம் கோர்ட்டில் இருக்கிறது. 1992-ல் தூர்தர்ஷனின் தற்காலிகக் கலைஞர்களுக்காக ஒரு திட்டம் வந்தது. ஒரு வருஷத்தில் 120 நாள் வேலை செய்தவர்களை நிரந்தரத்துக்குப் பரிசீலிக்கலாம் என்றது அது. அப்போதிருந்த தொழில் தகராறு சட்டமோ 240 நாளைத் தொடர் பணி என்றது. 1998-ல் சுப்ரீம் கோர்ட், வானொலியும் தூர்தர்ஷனும் சட்டத்தின் கண்ணில் ‘தொழில்’தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. அப்புறம் என்ன செய்வது? ஆளைக் குறைக்க முடியாது, காற்று சும்மா இருக்கக் கூடாது. நாளைக் குறைத்தால் போதும். ஒரு ஆளுக்கு முப்பது நாள் என்பதை ஐந்து ஆளுக்கு ஆறு நாள் என்று பிரித்துவிட்டால் எவருமே எழுபத்திரண்டைத் தாண்ட மாட்டார்கள். அடை சுடுகிறபோது மாவில் தண்ணி விட்டு ஊருக்கே பரிமாறுகிற கெட்டிக்காரத்தனம் இது. யாருக்கும் பசி ஆறாது, யாரும் பட்டினி என்றும் சொல்ல முடியாது.

‘பஹுஜன ஹிதாய, பஹுஜன சுகாய’ என்பது ஆகாசவாணியின் வாசகம். பலர் நலனுக்கு, பலர் சுகத்துக்கு. ஒருத்தர் பிழைப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு இப்படி ஒரு பொழிப்புரை இருப்பது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியது. ஆள் எடுப்பதற்கென்று தேர்வு வாரியம் அமைக்க அதில் ஒரு பிரிவே இருக்கிறது, பத்தாவது பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. வாரியம் அமைக்க 2020 ஆயிற்று. சட்டம் வந்த வருஷம் பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகி, அது பெற்ற குழந்தையை எல்கேஜியில் சேர்த்த பிறகு, வேலைக்கு ஆள் எடுக்கும் வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். நடுவில் 2006-ல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு வந்து, முறையான தேர்வில் வராதவர்கள் நிரந்தரம் கேட்கக் கூடாது என்றது. முறையான தேர்வை நடத்தாமலே இருந்தவர்களைப் பற்றி அதில் தண்டனை ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவரே, ‘ஏனுங்க, வாசல் வழியா வந்திருக்கோணுமல்லங்க’ என்று கேட்கிற மாதிரி.

கொங்கு நாட்டில் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. வா என்பதற்கு வாங்க, போ என்பதற்குப் போங்க. வேலையை விட்டு எடுப்பதென்றாலும் ‘நாளையிலிருந்து வர வேண்டாமுங்க’தான். கூலி கேட்டால் ‘பார்த்துச் செய்யறோமுங்க.’ அந்த ‘ங்க’வைச் சில்லறையாக மாற்ற முடிந்திருந்தால் இந்த ஊரில் ஏழையே இருந்திருக்க மாட்டான்.

மரியாதை இல்லாத ஊரில் என்ன நடக்கும்? 2018-ல் மத்தியப் பிரதேசத்து ஷாடோல் வானொலி நிலையத்தில் நடந்தது. ஒன்பது பெண்கள், எல்லாரும் தற்காலிக அறிவிப்பாளர்கள், ஒரு அதிகாரி மீது பாலியல் தொல்லை புகார் கொடுத்தார்கள். அதிகாரிக்கு இடமாற்றம். பெண்கள் ஒன்பது பேருக்கும் வேலை போயிற்று. தற்காலிக ஆளுக்கு டிஸ்மிஸ் வேண்டாம், மெமோ வேண்டாம். அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் போதும். ‘ஆறு’ என்ற எண்ணின் முழு அழகு இங்கேதான் தெரியும். ஆறைப் பூஜ்யமாக்க ஒரு காகிதம்கூடச் செலவாகாது.

இது சர்க்கார் வீட்டுக் கதை. தனியார் வீட்டுக்குப் போனால் ஆறு நாள் கணக்கே சொர்க்கமாகத் தெரியும்.

திங்கட்கிழமை காலை கோவை கலெக்டர் ஆபீஸ் வாசல். மக்கள் குறைதீர்ப்பு நாள். பட்டா கேட்டு வந்தவர்கள், ஓய்வூதியம் நின்றுபோனவர்கள், தூய்மைப் பணியாளர்கள், கொடியோடு வந்த கட்சிக்காரர்கள். யாராவது பையில் மண்ணெண்ணெய் கேன் வைத்திருக்கிறார்களா என்று கேட்டிலேயே போலீஸ் சோதனை போடும். இந்தக் கூட்டத்துக்கு நடுவே கையில் லோகோ மைக்கோடு ஒரு தம்பி நிற்பான். மாவட்டச் செய்தியாளர், சேனல் பாஷையில் ஸ்ட்ரிங்கர். தோளில் இருக்கிற கேமரா அவன் தவணையில் வாங்கியது. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, நெட் பேக் அவனுடையது. சேனலுடையது அந்த லோகோ மட்டும். அதுவும் வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். எந்தச் சேனல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவனுக்கு அந்த லோகோவும் போய்விடும். செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு. அனுப்பியதற்கு இல்லை, ஓடியதற்கு. பத்து அனுப்பி மூன்று ஓடினால் மூன்றுக்குக் காசு. அந்த மூன்றும் எப்போது வரும் என்பது சென்னைக்கே வெளிச்சம். நியமன உத்தரவு கிடையாது. அடையாள அட்டை உண்டு, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், இந்த அட்டை வைத்திருப்பவர் நிறுவனத்தின் ஊழியர் என்று பொருளாகாது என்று அச்சடித்திருக்கிறது. அவன் அதை எனக்குக் காட்டினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். கழுத்தில் தொங்குகிற அட்டையே ‘இவனை எனக்குத் தெரியாது’ என்று சாட்சி சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் யானை இறங்கிவிட்டால் ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப் அலறும். ‘விஷுவல் எங்கே? அடுத்த சேனல்ல ஓடுது.’ அவன் லுங்கியைக் கழற்றி பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஓடுவான். யானை வாழையைத் தின்றால் விவசாயிக்கு வனத்துறை நிவாரணம் உண்டு. யானை இவனைத் தூக்கி எறிந்தால் இவன் யாருடைய ஆள்? சேனலைக் கேட்டால் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும். அந்த யானைக்காவது அவனை நேரில் பார்த்த பழக்கம் இருக்கிறது.

தீபாவளி வந்தால் விளம்பரம் பிடித்துக் கொடு என்பார்கள். ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஏறி இறங்குவான். அடுத்த வாரம் அதே கடையில் தீப்பிடித்தால் அதே மைக்கோடு போய் நிற்க வேண்டும். பத்திரிகை தர்மம் பற்றிக் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பையனைக் கூப்பிட வேண்டாம். அவனுக்குப் பெட்ரோல் செலவு.

திங்கள்தோறும் அவன் தூய்மைப் பணியாளர்களிடம் பைட் எடுக்கிறான். ‘குறைந்தபட்சக் கூலிகூட இல்லீங்க, ஒப்பந்தக்காரன் பிஎஃப் கட்டறதில்லீங்க’ என்று அவர்கள் சொல்வதை ஃபிரேமில் வைத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மைக்கை நீட்டுகிறான். நடிப்பென்றால் அதுதான் நடிப்பு.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், லீவு, ஊதியக் குழு எல்லாம் அதில் இருந்தன. பத்திரிகைக்குத்தான் இருந்தன. டிவி அதில் இல்லை, ஏனென்றால் இந்தியாவில் டிவியே 1959-ல்தான் வந்தது. சரி, வந்த பிறகு சேர்த்திருக்கலாமே? அவசரப்படக் கூடாது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011-ல் அறிவித்தார்கள். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. அதிலும் டிவிக்காரன் இல்லை. கடைசியில் 2020-ல் வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ‘மின்னணு ஊடகம்’ என்று எழுதி டிவி செய்தியாளரையும் பத்திரிகையாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். கையைத் தட்டலாம் என்று எழுந்தால், அதே தொகுப்பு 1955-ம் வருஷத்துச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. ஊதியக் குழு அமைக்க வழி வைத்த சட்டம் அதுதான். அறுபத்தைந்து வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனை ‘உள்ளே வாங்க’ என்று கூப்பிட்டார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான், திண்ணைக்குப் பின்னால் வீட்டைக் காணோம்.

இதையும் சேர்த்துப் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றில் சங்கத்துக்கு ஒரு நல்ல சேதி உண்டு. பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால் அந்தச் சங்கத்தோடுதான் நிர்வாகம் பேச வேண்டும். அருமை. நம்ம தம்பியும் பதினைந்து பேரும் சேர்ந்து சங்கம் வைக்கிறார்கள் என்று வையுங்கள். எந்தப் பதிவேட்டில் 51 சதவீதம்? மஸ்டர் ரோலில் அவன் பெயர் இல்லை. ஆறு நாள் அறிவிப்பாளரின் பெயரும் இல்லை. இல்லாத ஆட்களில் 51 சதவீதம் என்பது எத்தனை பேர் என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டால் அடிப்பார்.

வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். மாதத்தில் இருபத்துநாலு நாள் நிர்வாகமே லீவு கொடுத்து வைத்திருக்கிற ஆளுக்கு இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று எந்த வக்கீலும் எனக்கு விளக்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

இந்த ஊருக்குச் சங்கம் புதிதில்லை. மில்லில் வேலை பார்த்த எந்தக் கிழவரைக் கேட்டாலும் ‘பன்னெண்டு மூணா, பதினெட்டு ஒண்ணா’ என்று கேட்பார். பழைய தொழில் தகராறு சட்டத்தில், லேபர் ஆபீசர் முன்னால் போட்ட ஒப்பந்தம் பன்னிரண்டு மூன்று, எல்லாத் தொழிலாளியையும் கட்டியது. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொண்டது பதினெட்டு ஒன்று. சட்டப் பிரிவை இப்படிப் பங்காளி பெயர் மாதிரிச் சொல்கிற ஊர் வேறெதுவும் இருக்கிறதா தெரியாது. சும்மா வந்ததில்லை அந்தப் பேச்சு. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நான்கு பேரை 1946 ஜனவரி 8 அன்று கோவை ஜெயிலில் தூக்கில் போட்டார்கள், சின்னியம்பாளையம் தியாகிகள். பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் தொழிலாளர்கள் 2007-ல் புதுச் சங்கம் வைத்தார்கள், அங்கீகாரம் கேட்டே வருஷங்கள் போயின, 2009-ல் ஒரு அதிகாரியின் உயிரும் போயிற்று. பேச வேண்டிய மேஜையைத் தள்ளித் தள்ளிப் போட்டால் ஊர் எங்கே போய் நிற்கும் என்பதை இந்த ஜில்லா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று ஒரு மாநிலச் சட்டம் கடைசிவரை போடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் தெருவில் உட்கார்ந்த பிறகும், சங்கத்தைப் பதிவு செய்ய அடுத்த ஜனவரி வரை இழுத்தார்கள். தகராறு எதில்? சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பதில். பிள்ளைக்கு இனிஷியல் போடலாமா என்று அப்பனைக் கேட்டு வழக்கு.

கையெழுத்துப் போட்டால் மட்டும் தீர்ந்ததா என்றால், சோமனூர்க்காரரைக் கேளுங்கள். 2021 நவம்பர் 24 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் விசைத்தறிக் கூலி பேசி முடித்தார்கள். சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகத்துக்கு 20. போட்டோ எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள். கூலி வரவில்லை. 2022 ஜனவரியில் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தை நாள்தோறும் படம் எடுத்தது யார்? கூலியே எழுத்தில் இல்லாத நம்ம தம்பிகள்.

கனடாவில் பல மாகாணங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. புதுச் சங்கத்தோடு முதல் ஒப்பந்தத்துக்கு நிர்வாகம் இழுத்தடித்தால் நடுவர் வந்து ஒப்பந்தத்தை எழுதிவிடுவார், இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும். முதல் ஒப்பந்தம்தான் கஷ்டம், அதைத் தாண்டிவிட்டால் அடுத்தது வெறும் பேரம் என்று அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். நமக்கு வாய்தா போதும்.

நம்ம ஊர்ச் சேனல் ஒன்று முதல் ஒப்பந்தம் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு ராத்திரி யோசித்துப் பார்த்தேன். முதலில் நிர்வாகம் தொழிலாளர்களைக் குடும்பம் என்று அழைக்கும், குடும்பத்தில் கூலி கேட்பது அழகல்ல என்று அடுத்த வரியில் வரும். செய்திக்கு உண்டான தொகை, அந்தச் செய்தி ஓடி, விளம்பரதாரர் பணம் கொடுத்து, அது வங்கியில் ஏறி, கணக்குப் பிரிவின் பெண் பிரசவ விடுப்பு முடிந்து வந்த பிறகு வழங்கப்படும். யானை, வெள்ளம், கலவரம் ஆகியவற்றில் உயிர் போனால் நிறுவனம் இருபது நொடி இரங்கல் ஒளிபரப்பும், கீழே லோகோ தெரிய வேண்டும். தொழிலாளர் நலன் பற்றிய விவாத நிகழ்ச்சியில் ஊழியர்கள் பார்வையாளராக உட்காரலாம், கை தட்டலாம், கை தூக்கக் கூடாது. கடைசி வரி ‘மரியாதையுடன்’ என்று முடியும். அதில் மட்டும் நிர்வாகம் கஞ்சத்தனம் காட்டாது.

கேட்பது ஒன்றும் பெரிதில்லை. பெயர் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். மாதம் பிறந்தால் இன்ன தேதியில் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். விபத்துக்குக் காப்பீடு. இதைக் கேட்கத்தான் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் தம்பியும் சக சேனல்காரர்களும் ஒரு திங்கட்கிழமை மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான். லோகோவையெல்லாம் கழற்றி வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் கையோடு வரிசையில் நின்றார்கள். கைகளை எங்கே வைப்பதென்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒருத்தன் கட்டிக்கொண்டான், ஒருத்தன் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

வாராவாரம் பைட் கொடுக்கிற தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் கிட்டே வந்தார்.

“ஏஞ்சாமி, இன்னைக்கு மைக் கொண்டாரலையா?”

“இல்லீங்கம்மா. இன்னைக்கு நாங்க மனுக் குடுக்க வந்திருக்கறோம்.”

“அப்ப உங்களை ஆரு படம் புடிப்பாங்க?”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சென்னை டெஸ்க். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினான், எனக்குக் கேட்கிற தூரம்தான்.

“கலெக்டர் ஆபீஸ்ல இன்னைக்குப் போராட்டம் ஏதாவது இருக்கா?”

அவன் திரும்பி வரிசையைப் பார்த்தான்.

“இருக்குதுங்க சார்.”

“எத்தனை பேரு?”

“பதினோரு பேருங்க சார்.”

“பதினொண்ணா? வேண்டாம், விட்டுரு. மண்ணெண்ணெய் கேன் ஏதாவது மாட்டுச்சுன்னா மட்டும் உடனே அனுப்பு.”

“சரிங்க சார்,” என்றான்.